மேகம் தங்கிய மச்சு

கடைசியில் வருகிற கொஞ்சத்தைத் தவிர, இதில் எதையும் நான் கண்ணால் பார்க்கவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கோயம்புத்தூர் விடுதியில் என் அறைத்தோழி மரியபுஷ்பம், ஒரு கோடை விடுமுறை முழுக்க, துணி அலசிக்கொண்டும் தலை வாரிக்கொண்டும் எனக்குச் சொன்னது இது. அவள் அந்த எஸ்டேட்டில், அந்த லயத்தில், முதல் வீட்டில் பிறந்தவள். ஆனால் இது நடந்த வருஷம் அவளும் விடுதியில்தான் இருந்தாள். அவளுக்குச் சொன்னது அவள் அம்மா குருசம்மா. ஆக, இரண்டு வாய் மாறி என்னிடம் வந்திருக்கிறது. கேட்டதைக் கூட்டாமல் குறைக்காமல் எழுதப் பார்க்கிறேன். கோபம் மட்டும் சில இடங்களில் என்னுடையதாக இருக்கலாம். அதை எடுத்துவிட்டு எழுதிப் பார்த்தேன், முடியவில்லை.

மலைமேல், வருஷத்தில் பாதி மழையாகவும் மீதி மழைக்கான காத்திருப்பாகவும் கழிகிற ஊர் அது. தேயிலைச் சரிவுக்கு நடுவே ஒரு மேட்டில், ஒன்றின் சுவரில் இன்னொன்று சாய்ந்துகொண்டு எட்டு வீடுகள் வரிசையாக நிற்கின்றன; அந்த வரிசைதான் லயம். ஒவ்வொரு வீட்டுக்கும் அடுப்பு வேறு, சாமி வேறு, சண்டை வேறு. மச்சு மட்டும் ஒன்று. வீடுகளுக்கு இடையிலுள்ள சுவர்கள் ஆள் உயரத்துக்குச் சற்று மேலே போய் நின்றுவிடும், அதன்மேல் பலகை பாவியிருக்கும், பலகைக்கும் தகரக் கூரைக்கும் நடுவே முதல் வீட்டிலிருந்து எட்டாவது வீடுவரை தடுப்பே இல்லாத ஒரு நீண்ட இருட்டு இருக்கும். அதுதான் மச்சு. கட்டிய வெள்ளைக்காரன் செங்கல் மிச்சம் பிடித்தான், பிறகு வந்த கம்பெனி அந்த மிச்சத்தை அப்படியே காப்பாற்றிக்கொண்டது. விறகு, சாக்கு, பழைய மெத்தை, பண்டிகைக்கு மட்டும் இறங்குகிற பெரிய பாத்திரம் எல்லாம் அங்கேதான் கிடக்கும்.

பலகைகளுக்கு நடுவே விரல் நுழைகிற இடைவெளி உண்டு என்பதால் மச்சுக்கு ஒரு வழக்கம் இருந்தது. தன் வீட்டு ஏணியில் ஏறுகிறவர்கள் தன் வீட்டுக்கு மேலே எவ்வளவு வேண்டுமானாலும் நடக்கலாம், அடுத்த வீட்டுக்கு மேலே கால் வைக்க வேண்டுமென்றால் சுவர் மட்டத்தில் நின்று, "மேல வாறேன்!" என்று குரல் கொடுக்க வேண்டும். கீழே இருப்பவர்கள் சட்டியை மூடி, சேலை மாற்றிக்கொண்டிருந்தால் மாற்றி முடித்து, "வா!" என்று சொன்ன பிறகுதான் காலை எடுத்து வைக்கலாம். பேச்சுவார்த்தை முறிந்த வீடுகள்கூட இந்த ஒரு சொல்லை ஒன்றுக்கொன்று மறுத்ததில்லை, இது இல்லாமல் யாரும் சுவரைத் தாண்டியதுமில்லை.

முதல் வீட்டுக்கு மேலே தகரம் துருப்பிடித்து ஓட்டையாகியிருந்தது. அந்த வீட்டுக்காரர் செபத்தியான், மரியபுஷ்பத்தின் அப்பா, யூனியன்காரர். கூட்டத்துக்குக் கூட்டம் தகரம் கேட்டார். ஆபீசில் "வரும்" என்றார்கள். அடுத்த வருஷமும் "வரும்" என்றார்கள். ஆடி மாதத்தில் வந்தது மேகம்.

அந்த ஊரில் மேகம் வீட்டுக்குள் வருவதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. முன்வாசலில் நுழையும், உப்பு டப்பாவை ஈரமாக்கும், கொல்லைவழியாகப் போய்விடும். இது ஓட்டை வழியாக மச்சுக்குள் இறங்கி, அடுப்புப் புகையின் சூட்டில் இதமாக இருந்திருக்கும்போல, அங்கேயே படுத்துக்கொண்டது. ஒரு எருமைக்கன்று அளவு இருந்ததாம்.

"ஏங்க, மேல ஒரு மேகம் வந்து படுத்திருக்கு" என்றார் குருசம்மா.

"மழை விட்டா போயிரும்" என்றார் செபத்தியான், பீடியைப் பற்றவைத்துக்கொண்டே.

மழை விட்டது. மார்கழிப் பனி வந்தது, தை வெயில் வந்தது, ஊரிலுள்ள மற்ற மேகங்களெல்லாம் மலையைத் தாண்டிப் போய்விட்டன. இது மட்டும் போகவில்லை. வளர்ந்து முதல் இரண்டு வீட்டு மச்சையும் அடைத்துக்கொண்டது. காலையில் ஒரு தூறல், மாலையில் ஒரு தூறல். எந்த வீட்டில் குக்கர் விசில் அடித்தாலும் அதற்குப் பதில் சொல்வதுபோல லேசாக உறுமும். கீழே யாராவது காய்ந்த மிளகாய் வறுத்தால் ஒரு பாட்டம் கூடுதலாகப் பெய்துவிடும் என்பதால், மிளகாய் வறுப்பது வாசலுக்கு மாறியது. பிள்ளைகள் அதற்கு நாலைந்து பெயர் வைத்து, எதற்கும் அது திரும்பிப் பார்க்காததால் அலுத்துப்போய், வெறும் "மேகம்" என்றே விட்டுவிட்டார்கள்.

மாசி பிறக்கும் முன்னாலேயே எஸ்டேட் குழாயில் தண்ணீர் நூலாக வரும். மலைச்சரிவில் ஓடையிலிருந்து குடம் சுமந்து ஏறுவது பெண்கள் வேலை, அந்த ஏற்றத்தில் கருக் கலைந்தவர்கள் உண்டு என்று குருசம்மா சொன்னாராம். அதனால் செபத்தியான் ஒரு பிளாஸ்டிக் பைப்பை நீளவாக்கில் அறுத்து மேகத்துக்குக் கீழே வாய்க்கால்போலப் பொருத்தி, வாசலில் ஒரு குழாய் வைத்தபோது, எட்டு வீட்டுப் பெண்களும் அந்தக் குழாய்க்கு மஞ்சள் குங்குமம் வைத்தார்கள். குருசம்மா ஜெபமாலையைத் தொங்கவிட்டார். பக்கத்து லயத்திலிருந்தெல்லாம் குடத்தோடு வந்தார்கள். மாரியம்மன் கோயிலுக்கு ஒரு குடம், மாதா கோயிலுக்கு ஒரு குடம் போனது. பொங்கலுக்கு வந்த மருமகன்கள் அதில் குளித்துவிட்டு, உடம்பு வலி போய்விட்டது என்றார்கள்.

ஆறாவது வீட்டு இசக்கியம்மாள் மட்டும் மேலே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மேகம் முதல் இரண்டு வீட்டுக்கு மேலேதான் இருந்தது; அதன் ஈரம் எட்டு வீட்டுக்கும் பொதுவாக இருந்தது. பலகையின் அடிப்பக்கத்தில் முதலில் மாவு தெளித்ததுபோல வெள்ளையாக ஒன்று பூத்தது, பிறகு பச்சையானது, பிறகு எண்ணெய்ச் சட்டியின் அடியைப்போலக் கறுத்து, வட்டம் வட்டமாகப் பரவி, வட்டங்கள் ஒன்றோடொன்று கைகோத்து, முதல் வீட்டிலிருந்து எட்டாவது வீடுவரை ஒரே கறுப்பாகிவிட்டது. சாக்கில் பூசணம், மெத்தையில் பூசணம், விறகின் பட்டைக்குள் பூசணம். வீட்டுக்குள் நுழைந்தாலே நனைந்த நாய் படுத்திருப்பதுபோல ஒரு வாடை. இசக்கியம்மாளின் மகள் பூரணிக்கு ஆறு வயது. அவளுக்கு வீசிங் ஆரம்பித்தது. விடியற்காலையில் பிள்ளையின் நெஞ்சுக்குள் யாரோ விசில் ஊதுவதுபோலச் சத்தம் வரும், விலாவில் குழி விழும், உதடு வெளிறும்.

எஸ்டேட் ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர், "ஐஸ் வாங்கிக் கொடுத்தியா?" என்று கேட்டார்.

"இங்க ஐஸ் எங்க விக்கிது?"

"அப்ப வாழப்பழம் குடுத்திருப்ப." அதே சிவப்பு மருந்தைக் கொடுத்தார்.

கம்பெனிக்குச் சொல்லாமலா இருந்தார்கள்? சொன்னார்கள். சின்னத் துரை என்று எல்லோரும் சொல்கிற உதவி மேலாளர், டெல்லியிலோ எங்கோ படித்த இளைஞர், வாசலில் நின்று, மச்சைத் தலைதூக்கிக்கூடப் பார்க்காமல், தொழிலாளர் குடியிருப்புகள் எல்லாம் நல்ல நிலையில் இருப்பதாகவும், அப்படியொரு மேகம் கம்பெனியின் கவனத்துக்கு வரவில்லை என்றும் சொல்லிவிட்டுப் போனார். அவர் பேசிக்கொண்டிருந்தபோது அது உறுமியது. அதையும் கவனத்துக்கு எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் அடுத்த வாரம் ஆள் அனுப்பி, இந்த லயத்துக்கு வருகிற எஸ்டேட் குழாயை அடைத்துவிட்டார்கள். கேட்டதற்கு, "உங்களுக்குத்தான் மேகம் இருக்கே" என்று பதில் வந்தது. இல்லாத மேகத்தைக் காட்டி இருந்த தண்ணீரை நிறுத்தினார்கள். இதை மரியபுஷ்பம் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மாசியில் வெளிநாட்டிலிருந்து ஆய்வுக்காரர்கள் வருவதாகச் செய்தி வந்தது. தேயிலை வாங்குகிற கம்பெனிகள் அனுப்புகிற ஆட்கள். தொழிலாளிகளை நன்றாக வைத்திருக்கிறார்களா என்று பார்த்துச் சான்று கொடுப்பார்கள், அந்தச் சான்றின் முத்திரை பாக்கெட்டில் இருந்தால்தான் அங்கே தேயிலை விற்கும். உடனே எல்லாம் நடந்தது. பாதை ஓரத்தில் பிளீச்சிங் பவுடர் கோடு போட்டார்கள். இசக்கியம்மாளின் கணவன் தவசி களைக்கொல்லி அடிக்கிற வேலை செய்கிறவன். அத்தனை வருஷம் வெறுங்கையால் அடித்தவனுக்கு ரப்பர் கையுறையும் கண்ணாடியும் கொடுத்துப் படம் எடுத்தார்கள். முதல் வீட்டு வாசல் குழாய்க்குப் பக்கத்தில் பச்சைப் பெயிண்டில் ஒரு போர்டு நட்டார்கள்: மழைநீர் சேகரிப்புத் திட்டம், கீழே கம்பெனி பெயர். ஓட்டைத் தகரத்தைத் திட்டம் என்று எழுதுவதற்கு எவ்வளவு படிப்பு வேண்டியிருக்கிறது!

பிறகு மச்சைச் சுத்தம் செய்ய ஆள் வந்தது. அதிகாரி வருகிறாரென்றால் எப்படிச் செய்வார்களோ அப்படியே செய்தார்கள். செபத்தியான்தான் முன்னால் நின்று வேலை வாங்கினார். காய்ந்த தென்னந்துடைப்பத்தால் பலகையைப் பரபரவென்று தேய்த்துக் கூட்டினார்கள், பிளீச்சிங் பவுடரை அள்ளித் தெளித்தார்கள், அதன்மேல் சுண்ணாம்பு அடித்தார்கள். கறுப்புத் தூள் பலகை இடைவெளி வழியாக எட்டு வீட்டுக்குள்ளும் இறங்கியது. சோற்றில் விழுந்தது, தொட்டிலில் விழுந்தது, சாமி படத்தில் விழுந்தது. காரம் கண்ணை எரித்தது. மத்தியானத்துக்குள் மச்சு கல்யாண வீடுபோல வெள்ளையாகிவிட்டது. ஆய்வுக்காரர்கள் வந்து, குழாயைத் திறந்து, கையில் தண்ணீரைப் பிடித்து, "வெரி குட்" என்று சொல்லிப் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். அவர்கள் வாசலில் நின்றிருந்த அதே நேரத்தில் ஆறாவது வீட்டுக் கொல்லையில் பூரணிக்கு மூச்சு நின்று நின்று வந்துகொண்டிருந்தது. எஸ்டேட் ஆம்புலன்ஸை, விருந்தாளிகளின் பெட்டிகளை ஏற்றிவர விமான நிலையத்துக்கு அனுப்பியிருந்தார்கள். தவசி பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, கொழுந்து ஏற்றிப்போகிற டிராக்டரில், மூட்டைகளுக்கு மேலே உட்கார்ந்து டவுன் பெரியாஸ்பத்திரிக்குப் போனான். இசக்கியம்மாள் வழிநெடுக பிள்ளையின் வாயருகே காதை வைத்துக்கொண்டே போனாளாம். பள்ளத்தில் வண்டி குதிக்கும்போதெல்லாம் சத்தம் கேட்காமல் போய், ஒவ்வொரு தடவையும் பிள்ளை செத்துத் திரும்பி வந்ததாம்.

பெரியாஸ்பத்திரியில் ஒரு இளம் டாக்டரம்மா, முகத்தில் குழாய் வைத்துப் புகை மருந்து கொடுத்தார். மூச்சு சீரானதும், வீட்டில் என்ன இருக்கிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்.

"பூசணத்தக் காய்ஞ்ச துடைப்பத்தாலயா கூட்டுனாங்க? யாரும்மா அப்படிச் செய்யச் சொன்னது? அது தூளாப் பறந்து மூச்சுலதான் போகும். சுண்ணாம்பு பூசினா அது கீழேயே வளரும். முதல்ல ஈரம் எங்கேர்ந்து வருதுன்னு பாத்து நிறுத்தணும். அத நிறுத்தாம என்ன பண்ணாலும் திரும்ப வரும்."

"ஈரம் மேகத்துலேர்ந்து வருதும்மா."

"எல்லா ஈரமும் அங்கேர்ந்துதாம்மா வருது. கூரையிலே ஓட்டை இருக்கா?"

"இருக்கு. அது வழியா வந்து மச்சுல இருக்கு."

டாக்டரம்மா பேனாவை மூடிக்கொண்டே, "அப்ப அத வெளியே அனுப்புங்க" என்றார். பிறகு சொன்னார்: சுத்தம் செய்யும்போது பிள்ளையை வீட்டில் வைக்காதீர்கள். மூக்கையும் வாயையும் இறுக்கி மூடுகிற மாஸ்க், கையுறை, கண்ணுக்குக் கண்ணாடி. எதையும் காய்ந்து கிடக்கையில் சுரண்டாதீர்கள், சோப்புத் தண்ணீரில் நனைத்துத் துடையுங்கள். ஊறிப்போன மெத்தை, சாக்கு, உளுத்த பலகை எதையும் காப்பாற்றப் பார்க்காதீர்கள்; பையில் போட்டுக் கட்டி வெளியே கொண்டுபோங்கள், வீட்டுக்குள்ளே இழுத்துக்கொண்டு வராதீர்கள். பிளீச்சிங் பவுடரையும் கக்கூஸ் ஆசிட்டையும் ஒன்றாகச் சேர்த்தால் அந்த வாயுவே ஆளைக் கொன்றுவிடும். கடைசியில் நன்றாகக் காற்றும் வெயிலும் பட விடுங்கள். இன்னொரு தடவை இவ்வளவு முற்றிய பிறகு கொண்டுவந்தால் என்னால் எதுவும் செய்ய முடியாமல் போகலாம்.

பூரணியை டவுனில் தவசியின் தங்கை வீட்டில் விட்டுவிட்டு, இசக்கியம்மாள் லயத்துக்குத் திரும்பி, வாசல் குழாயடியில் குடத்தோடு நின்றவர்களிடம் சொன்னாள்: "மேகத்த வெளிய விடப்போறேன்."

குடம் நிரம்பி வழிந்தது.

"ஏம்மா, ஒம் புள்ளைக்கு மருந்து இருக்கு" என்றார் செபத்தியான். "எங்களுக்குத் தண்ணி இருக்கா? குழாய அடச்சுட்டான். பங்குனி வரப்போவுது. ஒரு புள்ள இளைப்புக்காக எட்டு வீட்டு வாயக் கட்டுறதா?"

"குழாய அடச்சவன் யாருண்ணே?"

"கம்பெனி."

"நீங்க யூனியனு. அவங்கிட்டல்ல கேக்கணும் தண்ணிய? ஏண்ணே எம் புள்ளகிட்ட கேக்குறீங்க?"

"கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்."

"தகரம் கேட்ட மாதிரியா?"

யாரோ பின்னாலிருந்து சிரித்தார்கள். செபத்தியானுக்கு முகம் கறுத்தது. "என் வீட்டுக்கு மேல இருக்கு மேகம். என் வாயால வான்னு சொல்லாம நீ எப்படி வாறேன்னு பாக்குறேன்" என்றார்.

அதுதான் விஷயம். வந்த ஓட்டை வளர்ந்த மேகத்துக்குப் போதாது, தகரத்தைக் கழற்ற வேண்டும்; அந்த இடம் முதல் வீட்டுக்கு மேலே இருந்தது. வெளியே கூரைமேல் ஏறினால் துருத்தகரம் ஆளைத் தாங்காது. மச்சு வழியாக ஐந்து வீட்டைத் தாண்டித்தான் போக வேண்டும்; ஐந்து "வா" வேண்டும். தவசி பயந்தான். கம்பெனித் தகரத்தில் கை வைத்தால் வேலை போகும், வேலையோடு வீடும் போகும். "வீடு போனா புள்ளைய எங்க வச்சுக் காப்பாத்துவ?" என்று கேட்டான். "இந்த வீட்டுல வச்சுக் காப்பாத்த முடியலையே" என்றாள் அவள்.

மறுநாள் ஞாயிறு, எல்லோரும் வீட்டில் இருந்தார்கள். காலைச் சோறு முடிந்த நேரம். இசக்கியம்மாள் கொரோனா காலத்தில் வாங்கி வைத்த, மூக்குக் கம்பி உள்ள மாஸ்க்கைப் போட்டுக்கொண்டாள், படம் எடுக்கக் கொடுத்துவிட்டு வாங்க மறந்துபோன கையுறையையும் கண்ணாடியையும் மாட்டிக்கொண்டாள், இடுப்பில் ஆணி பிடுங்குகிற சுத்தியலைச் செருகிக்கொண்டு தன் வீட்டு ஏணியில் ஏறினாள். ஐந்தாவது வீட்டுச் சுவர் மட்டத்தில் நின்று, மாஸ்க்கைக் கொஞ்சம் தூக்கிக் குரல் கொடுத்தாள்.

"மேல வாறேன்!"

ஐந்தாவது வீட்டுக்காரியோடு அவளுக்குப் பேச்சு இல்லை. ஒரு சேவல் விஷயமாக முறிந்தது. பிறகு பாத்திரம் மூடுகிற ஓசை கேட்டது.

"வா. என் கொழம்புல ஒரு தூசி விழுந்துச்சு, மேகத்தோட சேத்து ஒன்னயும் அனுப்பிருவேன்."

நாலாவது வீட்டில் கைக்குழந்தை இருமிக்கொண்டிருந்தது. துடைப்பம் போட்ட நாளிலிருந்தே இருமுகிறது. குழந்தையின் அப்பா, "வாங்கக்கா" என்றார். மூன்றாவது வீட்டில் "வா" சொன்னவளுக்கே இருமல் வந்து, சொல்லைப் பாதியில் விட்டு, மறுபடி சொன்னாள். இரண்டாவது வீட்டிலிருந்து, "வா வா, எங்க மேல நின்னு பயந்துராத, பலகை உளுத்துக் கெடக்கு, சுவரோரமா நட" என்று வழியும் சேர்ந்து வந்தது. அப்போதுதான் இசக்கியம்மாளுக்குத் தெரிந்தது, வரிசையில் இளைத்தது தன் பிள்ளை மட்டும் இல்லை, முதலில் இளைத்தது மட்டும்தான் தன் பிள்ளை.

முதல் வீட்டுச் சுவர் மட்டத்தில் வந்து நின்றாள். சுற்றிலும் மேகம். ஈரம் மாஸ்க்கை நனைத்தது, கண்ணாடி மங்கியது.

"மேல வாறேன்!"

கீழே கட்டிலில் செபத்தியான் உட்கார்ந்திருந்தார், அடுப்பருகே குருசம்மா நின்றிருந்தார். இதை மரியபுஷ்பத்துக்கு அவள் அம்மா அப்படியே நடித்துக் காட்டினாராம்.

"மேல வாறேன்!"

"வான்னு சொன்னா, நாளைக்குத் தண்ணிக்கு எங்க போவ?" என்றார் செபத்தியான், மெதுவாக, மேலே கேட்காதபடி.

குருசம்மா சோற்றுப் பானையை மூடினார், குழம்பை மூடினார், தண்ணீர்க் குடத்தின்மேல் தட்டைக் கவிழ்த்தார். "ஆபீசுக்குப் போவேன். கொடத்தோட" என்றார். "தகரத்துக்கு நீங்க தனியாப் போனீங்க, வரும்னாங்க. தண்ணிக்கு நாங்க எட்டு பேரும் போறோம். என்ன சொல்றான்னு பாக்குறேன்." பிறகு தலையைத் தூக்கி, எட்டு வீட்டுக்கும் கேட்கிற மாதிரி, "வா, இசக்கி!" என்றார்.

துருவேறிய ஆணிகள் லேசில் வரவில்லை. வந்தபோது தகரம் ஓரமாகச் சரிந்து வாசலில் விழுந்தது, மச்சுக்குள் வெயில் ஒரு பலகைபோல இறங்கியது. மேகம் போகவில்லை. இருட்டுக்குப் பழகிவிட்டது. இசக்கியம்மாள் "போ" என்றாள். அது உறுமியது. அவள் அதற்குப் பின்னால் போய், தொழுவத்திலிருந்து மாட்டை வெளியே விடுவதுபோல, இரண்டு கையாலும் அணைத்துத் தள்ளினாள். இடுப்புவரை நனைந்தாள். அது முதலில் ஒரு பக்கத்தை வெளியே விட்டுப் பார்த்தது, காற்றைத் தொட்டுப் பார்த்தது, பிறகு முழுதாக எழுந்து, கூரைக்கு மேலே ஒருமுறை தயங்கி நின்று, தேயிலைக்கு மேலாகப் போனது. வாசலில் நின்ற எட்டு வீட்டுக்காரர்களில் சிலர் அழுதார்கள். பக்கத்து லயத்திலிருந்து குடத்தோடு வந்திருந்த ஒருத்தி மண்ணை வாரித் தூற்றினாள். அது எந்தப் பக்கம் போனது என்பதைப் பற்றி ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். அதனால் நான் எழுதவில்லை.

அதற்குப் பிறகுதான் வேலையே. பிள்ளைகளையெல்லாம் பக்கத்து லயத்தில் விட்டுவிட்டு, கீழே வீட்டுக்குள் தூசி இறங்காத மாதிரி மச்சின் அடியில் பழைய பிளாஸ்டிக் தாளை ஒட்டினார்கள். மெத்தையையும் சாக்கையும் தண்ணீர் தெளித்து நனைத்து, பைக்குள் போட்டு வாயைக் கட்டி, வீட்டுக்குள் இறக்காமல் கூரைத் திறப்பு வழியாகவே கயிற்றில் வெளியே விட்டார்கள். உளுத்த பலகைகளும் அப்படியே போயின. மிச்சப் பலகையைச் சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்தார்கள், துடைத்த துணியை மறுபடி முக்காமல் எறிந்தார்கள். ஐந்தாவது வீட்டுக்காரி ஓடையிலிருந்து தண்ணீர் சுமந்து வந்து ஊற்றினாள். பேசவில்லை, ஆனால் ஊற்றினாள். இறங்கியதும் வாசலிலேயே உடுத்திய துணியை மாற்றிக் குளித்துவிட்டுத்தான் உள்ளே போனார்கள். மாசி வெயிலும் மலைக்காற்றும் மச்சுக்குள் தடையில்லாமல் வந்து போயின. பலகை வெளுக்கவில்லை, காய்ந்தது. வாடை போயிற்று. பூரணி வீட்டுக்கு வந்து, முதல் இரவு முழுக்கத் தூங்கினாள். அவள் தூங்கியதை நம்பாமல் இசக்கியம்மாள் தூங்கவில்லை.

தண்ணீர் திரும்பி வந்தது. கொழுந்து நிறுக்கிற இடத்தில் எட்டு வீட்டுப் பெண்களும் காலிக் குடத்தைத் தராசுமேல் அடுக்கிவிட்டு உட்கார்ந்தார்கள். பறித்த கொழுந்து சாக்குக்குள் சூடேறிக் கறுக்கத் தொடங்கியதும், அடைத்த குழாயைத் திறக்க ஆள் ஓடியது. மச்சு கறுத்துப்போனதற்கு வராத அவசரம் கொழுந்து கறுத்ததும் வந்தது.

ஆனால் இசக்கியம்மாளை விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். இரண்டு குற்றச்சாட்டு. நல்ல நிலையில் இருந்த கம்பெனிக் கூரைத் தகரத்தைக் கழற்றிச் சேதப்படுத்தியது. கம்பெனியின் மழைநீர் சேகரிப்பு அமைப்பை அழித்தது. அவளுக்கு எதிராகச் சாட்சி சொல்லச் செபத்தியானைக் கூப்பிட்டார்கள். அவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு போய் நின்றார்.

"தகரம் நல்லாத்தான இருந்தது?" என்றார் சின்னத் துரை.

"நல்லாத்தான் இருந்துச்சுன்னா மேகம் எப்படி சார் உள்ள வந்துச்சு?"

"எந்த மேகம்?"

"நீங்க போர்டு வச்சீங்களே, அந்த மேகம்."

"போர்டில் மழைநீர் என்றுதான் இருக்கிறது. மேகம் என்று எங்கேயும் இல்லை. நீங்கள் உட்காரலாம்."

"ஒக்காரல சார்" என்றார் செபத்தியான். "வருஷா வருஷம் தகரம் கேட்டு ஒங்க முன்னாலதான் நின்னேன். இன்னைக்கும் நிக்கிறேன்." விசாரணை முடியும்வரை நின்றாராம். அதனால் எதுவும் மாறவில்லை.

தகரம் நல்ல நிலையில்தான் இருந்தது என்று விசாரணையில் உறுதியானதாக அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள். இசக்கியம்மாளுக்கு வேலை போனது, வீடு போனது. தவசியும் கூடவே போனான். இப்போது டவுனில், பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு அறையில் இருக்கிறார்கள். அவள் ஒரு ஓட்டலில் இட்லி ஊற்றுகிறாள். பூரணிக்கு அதற்குப் பிறகு வீசிங் வந்ததா என்று நான் நேரில் போய்க் கேட்டேன். ஒரு தடவை, லேசாக, பஸ் புகையில், என்றாள் இசக்கியம்மாள். அதை மறைக்க அவளுக்குத் தோன்றவில்லை. நானும் மறைக்கவில்லை.

நல்ல நிலை என்ற அந்த வார்த்தைதான் என்னைத் தூங்கவிடவில்லை. அடுத்த விடுமுறையில் மரியபுஷ்பத்தோடு எஸ்டேட்டுக்குப் போனேன். விசாரணையில் காட்டுவதற்காக எடுத்துப்போன தகரத்தைக் கொழுந்து நிறுக்கிற கொட்டகைக்குப் பின்னால் சாய்த்து வைத்திருந்தார்கள். எடுத்துப்போட யாருக்கும் நேரமில்லைபோல. வேறு தகரமாக இருக்குமோ என்று ஆணித்துளைகளின் இடைவெளியை நூலால் அளந்துபோய்க் கூரைச் சட்டத்தோடு ஒத்துப் பார்த்தேன், ஒத்துப்போயின. அந்த ஓட்டைக்குள் என் கை முழங்கைவரை போனது. புதிதாகக் கிழிந்த இடமே இல்லை, விளிம்பெல்லாம் பழைய துரு. நாங்கள் இருவரும் அதைத் தூக்கி நிறுத்திப் பிடித்தோம். எதிர்ச் சரிவில் பெண்கள் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார்கள். தகரத்தின் ஓட்டை வழியாகப் பார்த்துக்கொண்டே மரியபுஷ்பம், வலமிருந்து இடமாக, ஒவ்வொருவர் பெயரையும் சொன்னாள்.